ஒரு பகல் மட்டும் நேரோபோட்: எந்தக் கால்வாய் யாருக்கு?

இங்கிலாந்துக்கு வரும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ஒரு நாளைக்குப் படகு எடுத்தால் எவ்வளவு தூரம் போகலாம்?” நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: “படகை எங்கே திருப்புவீர்கள்?” ஒரு பகலுக்கான கால்வாயைத் தேர்ந்தெடுக்க இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நேரோபோட் என்பது இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒல்லியான நீளப் படகு. அதன் அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. நீளம் எழுபது அடி வரை போகும். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த கால்வாய்களில் லாக்குகள் (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும், இருமுனையும் கதவுள்ள தொட்டிகள்) ஏழடி அகலத்தில் கட்டப்பட்டதால் படகும் அந்த ஒல்லியான உடம்போடு பிறந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளாகியும் அகலம் மாறவில்லை. பகல் வாடகைக்குக் கிடைக்கும் படகுகள் பெரும்பாலும் இதைவிடக் குட்டையானவை. இருந்தாலும் பல இடங்களில் கால்வாயின் அகலம் படகின் நீளத்தைவிடக் குறைவு. நினைத்த இடத்தில் திரும்ப முடியாது. கரையை வெட்டி அகலப்படுத்திய திருப்புமிடங்கள் ஆங்காங்கே இருக்கும். படகுக்காரர்கள் அவற்றை ‘விண்டிங் ஹோல்’ என்பார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்தது வரும் வரை போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இப்போது நேரத்தைக் கணக்கிடுங்கள். கால்வாயில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல் போனாலே நல்ல ஓட்டம். கரையோரம் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அது 2 மைலுக்கும் கீழே இறங்கும். காலை ஒன்பதரைக்குப் படகைக் கொடுத்து மாலை ஐந்துக்குள் திரும்பக் கேட்பார்கள். பயிற்சிக்கு அரை மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, தாமதத்துக்கு அரை மணி கழித்தால் ஐந்தரை மணி நேரம் மிஞ்சும். போகவும் வரவும் சேர்த்து பத்து, பன்னிரண்டு மைல்தான் கணக்கு. அதாவது ஐந்தாறு மைலுக்குள் பார்க்கத் தக்கதும் படகைத் திருப்ப வசதியானதுமான இடம் இருக்க வேண்டும். வழியில் லாக் இருந்தால் ஒவ்வொன்றும் கால் மணி நேரம் கேட்கும். புதியவர்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகும். போகும்போது ஐந்து லாக் என்றால் வரும்போதும் அதே ஐந்து. மூன்று மணி நேரம் அங்கேயே போய்விடும்.

இந்தக் கணக்கில் தேறும் இடங்களாக நான் அறிந்தவை நான்கு. தெற்கில் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன், வேல்ஸ் எல்லையில் சர்க், யார்க்‌ஷயரில் ஸ்கிப்டன், பிறகு லண்டன். நான்கும் ஒரே தரத்தில் இல்லை என்பது என் கருத்து. அதை மறைக்காமலே சொல்கிறேன்.

முதல் இடம் பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவனுக்கு. கெனட்–ஏவன் கால்வாயில் இங்குள்ள லாக்கிலிருந்து பாத் நகரின் மேல் லாக் வரை ஒன்பது மைலுக்குமேல் ஒரே மட்டத்தில் தண்ணீர் கிடக்கிறது. நடுவில் ஒரு லாக்கும் இல்லை. ஜான் ரென்னி வடிவமைத்த இந்தக் கால்வாய் 1810-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஏவன் ஆறு கீழே பள்ளத்தாக்கில் ஓட, கால்வாய் காடு படர்ந்த சரிவின் இடுப்பில் ஊர்ந்து போகிறது. புறப்பட்ட முக்கால் மணி நேரத்தில் ஏவன்கிளிஃப் தொட்டிப்பாலம், அதாவது கால்வாயையே ஆற்றுக்கு மேல் சுமந்து செல்லும் பாலம், வந்துவிடும். கட்டிய சிறிது காலத்திலேயே அதன் நடு வளைவு சற்றுத் தொய்ந்துபோயிற்று. கரையில் இறங்கி நின்று பார்த்தால் இன்றும் தெரியும். அங்கிருந்து இன்னும் மூன்று மைல் போனால் டண்டாஸ் தொட்டிப்பாலம். 1805-இல் நிறைவுற்ற, பாத் கல்லில் எழுப்பிய மூன்று வளைவுகள். தூண்களும் விளிம்புகளும் ஒரு கோயில் மண்டபத்துக்கு உரிய அக்கறையோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. கால்வாய் நிறுவனத்தின் முதல் தலைவர் சார்ல்ஸ் டண்டாஸின் பெயர் அதற்கு.

பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கமும் இடப்பக்கமும் தண்ணீர் விரிகிறது. பழைய சாமர்செட் நிலக்கரிக் கால்வாய் வந்து சேர்ந்த துறை அது. படகு திருப்ப அதைவிட வசதியான இடம் அந்த வட்டாரத்தில் இல்லை. ஆக, பயணத்தின் உச்சமும் திருப்புமிடமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நான் பிராட்ஃபோர்டை முதலில் வைப்பதற்கு இதுவே முதற்காரணம்.

முதல் முறை போனபோது எங்களுக்கு இது தெரியாது. பாத் வரை போய்த் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். வரைபடத்தில் ஒன்பது மைல் எளிதாகத் தெரிந்தது. ஆனால் அந்தப் பகுதியில் படகையே வீடாகக் கொண்டு வாழ்பவர்கள் மிகுதி. கரை நெடுகக் கட்டியிருக்கும் படகுகள் முடிவதே இல்லை. ஒவ்வொன்றையும் கடக்கும்போது என்ஜினை அடக்கி, நடையைவிட மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் நம் படகு இழுக்கும் தண்ணீரில் அவர்களுடைய கட்டுக்கயிறு வெடுக்கென்று இழுபடும். கரையில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும். உள்ளே அடுப்பில் இருக்கும் பாத்திரம் சரியும். அது ஒருவருடைய வீடு என்பதை மனத்தில் வைத்தால் வேகம் தானாகக் குறையும். டண்டாஸை அடைந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அங்கேயே கட்டி, கட்டிக்கொண்டு போன புளியோதரையைப் பிரித்தோம். அம்மா பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஆற்றையும் ரயில் பாதையையும் மாறி மாறிப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். பாத்தை விட்டுவிட்டோமே என்ற எண்ணம் எங்களில் எவருக்கும் வரவில்லை.

இந்தப் பாதையில் இன்னொரு வசதி, ரயில். ஏவன்கிளிஃப், பிராட்ஃபோர்ட், பாத் மூன்றிலும் நிலையங்கள் உண்டு. முழங்கால் வலிக்காரர் ஒருவர் நடுவில் களைத்துவிட்டால் ஏவன்கிளிஃபில் இறங்கிக்கொள்ளலாம். லண்டனிலிருந்து அதிகாலையில் கிளம்பி, பாத்தில் ரயில் மாறினால் அன்றே போய் அன்றே திரும்ப முடியும். குறை என்று சொல்வதானால், இரண்டு தொட்டிப்பாலங்களின் இரு முனைகளிலும் கால்வாய் ஏறத்தாழ செங்கோணத்தில் திரும்புகிறது. எதிரே வரும் படகு கண்ணுக்குத் தெரியாது. ஒருவரை முன்கூட்டியே கரைப்பாதையில் இறக்கிவிட்டு, அவர் கைகாட்டிய பிறகு நுழைவது நல்லது.

அழகில் இதை வெல்லக்கூடியது சர்க் ஒன்றுதான். நேரடியாகவே சொல்கிறேன்: இங்கிலாந்தின் கால்வாய்ப் பயணத்தில் ஒரே ஒரு முறைதான் வாய்ப்பு, முந்தின இரவு பக்கத்தில் தங்கவும் முடியும் என்றால், பிராட்ஃபோர்டை விட்டுவிட்டு இங்கே போங்கள். ஷ்ராப்‌ஷயர் பக்கத்தில் சர்க் பாலத்துக்குச் சற்று முன்பிருந்து கிளம்பினால், லாங்கோலன் கால்வாய் முதலில் சர்க் தொட்டிப்பாலத்தில் ஏறி கெய்ரியாக் ஆற்றைக் கடக்கிறது. 1801-இல் கட்டியது. பாலத்தின் நடுவே இங்கிலாந்து முடிந்து வேல்ஸ் தொடங்குகிறது. பக்கத்திலேயே அதைவிட உயரமாக ரயில் பாலம் ஓடுகிறது. பாலம் முடிந்ததும் சர்க் சுரங்கம், 421 மீட்டர், ஒரு படகுக்கு மட்டுமே இடம். எதிர்முனையில் விளக்கு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும். இன்னொரு சிறு சுரங்கத்துக்கு அப்பால் பொன்ட்கசல்த்தே.

டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீள இரும்புத் தொட்டி. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசப்பும் எழுப்பியது. டண்டாஸ் முடிந்த அதே 1805-இல் திறக்கப்பட்டது. அங்கே ரென்னி கல்லை நம்பினார், இங்கே இவர்கள் வார்ப்பிரும்பை நம்பினார்கள். கல்லாலான பாலம் தண்ணீரைக் கசியாமல் தாங்க அந்தத் தண்ணீருக்கு அடியில் களிமண் மெத்தை வேண்டும். அந்தப் பாரத்துக்கு ஏற்பத் தூண்களும் பருக்க வேண்டும். இரும்புத் தொட்டிக்கு அது தேவையில்லை. அதனால்தான் பொன்ட்கசல்த்தேயின் தூண்கள் அந்த உயரத்திலும் மெலிந்து நிற்கின்றன. 2009-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு பக்கம் கரைப்பாதையும் கம்பித் தடுப்பும் உண்டு. மறுபக்கம் எதுவும் இல்லை. தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு சாண் கூட இராது. படகின் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேரே ஆறும் மரங்களின் உச்சிகளும்தான். உயரம் ஆகாதவர்கள் படகின் உள்ளே உட்கார்ந்து கரைப்பாதைப் பக்கம் பார்த்துக்கொள்ளட்டும். குழந்தைகள் அந்தச் சில நிமிடங்களும் உள்ளேதான் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

சர்க் பாதைக்கு மட்டும் உரிய ஒரு தன்மையைத் தெரிந்துகொண்டு போங்கள். பிற கால்வாய்களில் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். லாங்கோலன் கால்வாயில் ஓட்டம் உண்டு. லாங்கோலனுக்கு மேலே டீ ஆற்றில் எடுக்கும் நீர் இந்தக் கால்வாய் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போகிறது. எனவே சர்க்கிலிருந்து பொன்ட்கசல்த்தே நோக்கிப் போகும்போது எதிரோட்டம். பாலத்திலும் சுரங்கத்திலும் தடம் குறுகுவதால் இழுப்பு இன்னும் கூடும். என்ஜின் உறுமும், படகோ நகர்கிறதா என்று ஐயம் வரும். பதற வேண்டாம். திரும்பும்போது அதே நீர் முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். பாலத்தின் மறுமுனையிலுள்ள ட்ரெவர் துறையில் திரும்ப இடம் இருக்கிறது. லாங்கோலன் ஊர் வரை போக ஆசை எழும். ஒரு பகலில் வேண்டாம். ட்ரெவருக்கு அப்பால் ஒரு படகு மட்டுமே போகக்கூடிய குறுகல்கள் வருகின்றன, காத்திருப்பில் நேரம் கரைந்துவிடும்.

சர்க்கின் குறை தூரம். சர்க்கில் ரயில் நிலையம் இருக்கிறது, ஷ்ரூஸ்பரி–செஸ்டர் வழித்தடத்தில். ஆனால் லண்டனிலிருந்து ரயில் மாறி வந்து காலை ஒன்பதரைக்குப் படகில் ஏறுவது நடக்கிற காரியமல்ல. கோடை விடுமுறையில் பாலத்தின் முனையில் படகுகள் வரிசை கட்டும். ஜூனும் செப்டம்பரும் நிதானமானவை.

ஸ்கிப்டன் வடக்கே இருப்பவர்களுக்கானது. லீட்ஸ், பிராட்ஃபோர்ட் பக்கம் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வந்தவர்கள் தெற்கே ஓட வேண்டியதில்லை. லீட்ஸிலிருந்து முக்கால் மணி நேர ரயில். (இந்த பிராட்ஃபோர்ட் யார்க்‌ஷயர் நகரம். முன்னே சொன்ன பிராட்ஃபோர்ட்-ஆன்-ஏவன் வேறு. டிக்கெட் எடுக்கும்போது ஊர்ப்பெயரை முழுதாகச் சொல்லுங்கள்.) லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் 127 மைல் நீளம்; 1770-இல் தொடங்கி 1816-இல்தான் முடிந்தது. அதில் கார்கிரேவுக்கு அருகிலிருந்து பிங்லியின் ஐந்தடுக்கு லாக் வரை ஏறத்தாழ 17 மைலுக்கு லாக் இல்லை. மலைச்சரிவின் மட்டத்தைப் பிடித்தே வெட்டியதால் கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. கற்சுவர் கட்டிய மேய்ச்சல் நிலங்கள், ஆடுகள், மேலே பெனைன் குன்றுகள். லாக் இல்லாவிட்டாலும் கைக்கு வேலை உண்டு, ஏனென்றால் வழியெங்கும் சுழல் பாலங்கள். ஒருவர் இறங்கிப் பாலத்தைத் தள்ளித் திறக்க வேண்டும், படகு போனதும் மூடிவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். சாலையில் கார்கள் நிற்கும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட மகிழ்ச்சி வேறில்லை. ஊர் ஓரத்திலேயே தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடைய கோட்டையும் இருக்கிறது. ஆனால் டண்டாஸ் போலவோ பொன்ட்கசல்த்தே போலவோ மனத்தைப் பிடித்து நிறுத்தும் ஓர் இடம் இந்தப் பாதையில் கிடையாது. அதனால்தான் மூன்றாவது.

லண்டனைத் தனியாகவே வைக்க வேண்டும். லிட்டில் வெனிஸிலிருந்து கேம்டன் வரை பயணப் படகுகள் ஓடுகின்றன. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். நீங்கள் சுக்கான் பிடிக்கப்போவதில்லை. மெய்டா ஹில் சுரங்கம், ரீஜன்ட் பூங்கா, விலங்கியல் பூங்காவின் ஓரம் என்று நகரத்தின் பின்வாசல் வழியாகப் போகிற பயணம். வழியில் மேக்கில்ஸ்ஃபீல்ட் பாலத்தைக் கவனியுங்கள். 1874 அக்டோபரில் வெடிமருந்து ஏற்றிய படகு ஒன்று அதன் கீழே வெடித்துப் பாலத்தையே தகர்த்தது. படகிலிருந்த மூவர் இறந்தனர். அதே இரும்புத் தூண்களை வைத்துப் பாலத்தை மறுபடி கட்டியபோது தூண்கள் திருப்பி நிறுத்தப்பட்டன. குதிரைகள் இழுத்த கயிறு பல்லாண்டுகளாக உரசிய தடங்கள் அதனால் தூணின் இருபுறமும் இருக்கின்றன. கேம்டனில் இறங்கியதும் அங்குள்ள லாக்கில் படகுகள் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். கரைப்பாதையில் அரை மணி நேரம் நடந்தால் கிங்ஸ் கிராஸில் கால்வாய் அருங்காட்சியகம். வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், இரண்டே பேராக வந்தவர்கள், அரைநாள் மட்டும் உள்ளவர்கள் இதையே தேர்ந்தெடுக்கட்டும்.

இரண்டு பேர் என்று நான் சொல்வதற்குக் காரணம் பணம். வாடகைப் படகுக்குக் கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு. எட்டுப் பேர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு நல்ல உணவக விருந்தின் செலவுக்குள் அடங்கும். இருவர் எடுத்தால் கையைக் கடிக்கும். அதோடு, இருவர் மட்டும் இருந்தால் ஒருவர் சுக்கானை விட்டு நகர முடியாது, இன்னொருவர் கயிறும் பாலமுமாக ஓடிக்கொண்டிருப்பார். நால்வராவது வேண்டும்.

லாக் இல்லாத பாதைகளாகவே சொல்கிறீர்களே, லாக்கில் ஏறி இறங்காமல் என்ன கால்வாய்ப் பயணம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இருபுறமும் ஈரச்சுவர், நடுவில் நாம், கதவுக்கு அப்பாலிருந்து நீர் பாய்ந்து படகை மெல்லத் தூக்கும் அந்த நிமிடங்கள் உண்மையிலேயே அரியவை. அப்படிப்பட்டவர்களுக்கு நார்த்தாம்ப்டன்‌ஷயரின் பிரான்ஸ்டன் ஏற்றது. ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயும் கிராண்ட் யூனியனும் சேரும் ஊர். ஆறு லாக்குகள் ஏறினால் 1,867 மீட்டர் நீளச் சுரங்கத்தின் வாயில். இந்த லாக்குகள் அகலமானவை, இரண்டு நேரோபோட்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். ஒவ்வொரு முறை நிரப்பவும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது என்பதால், பின்னால் படகு வந்தால் காத்திருந்து சேர்ந்து போவதே வழக்கம். அனுபவமுள்ளவர் துணையும் அதனால் கிடைக்கும். ஆனால் தூரம் மூன்று மைலைத் தாண்டாது. வாடகைக்குக் கொடுப்பவர் லாக்கில் செல்ல அனுமதிக்கிறாரா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். பலர் பகல் படகுகளை அனுமதிப்பதில்லை.

அனுமதித்தாலும் ஓர் எச்சரிக்கை. கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியில் தொட்டிக்குள் நீண்டிருக்கும் கற்படி ஒன்று உண்டு, ‘சில்’ என்பது அதன் பெயர். அதன் எல்லையைச் சுவரில் வெள்ளைக் கோட்டால் குறித்திருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் நீர் இறங்க இறங்கப் படகின் வால் கற்படியில் தொற்றிக்கொள்ளும், மூக்கு கீழே போகும், சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். இதை மறந்தவர்கள் படகையே இழந்திருக்கிறார்கள். டெவைசஸ் அருகே கேன் ஹில்லில் 29 லாக்குகள் இருக்கின்றன. அவற்றில் 16 ஒரே நேர்க்கோட்டில் குன்றின் மேல் படிக்கட்டாக ஏறுகின்றன. படகில் அதைக் கடக்க ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதை நடந்தே பாருங்கள், ஒரு பகல் பயணத்தில் சேர்க்காதீர்கள்.

ஓட்டத் தெரியுமா என்ற கவலை எல்லோருக்கும் வருகிறது. வாடகைப் படகுக்கு உரிமம் தேவையில்லை. சுக்கான் தண்டை இடப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு வலப்பக்கம் போகும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். படகு நடுப்புள்ளியில் சுழல்கிறது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் ஒரு மணி நேரம் ஆகிறது. மூக்கு வளைவைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியாகும்போது வால் கரையில் இடிக்கும். பிரேக் கிடையாது, நிறுத்த வேண்டுமானால் என்ஜினைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாலையில் இடப்பக்கம் போய்ப் பழகிய நமக்கு இங்கே கை தடுமாறும். சேற்றில் தட்டினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். பின்னோக்கி எடுத்து, கூரையில் கிடக்கும் நீளக் கழியால் தள்ளினால் போதும். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவு ஆழம்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு மேலங்கி கேட்டு வாங்குங்கள்.

பதிவு செய்யும் முன் ஒன்று பாருங்கள். கால்வாய்களில் பெரும்பாலானவற்றை 2012 முதல் பராமரித்துவரும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் எந்த இடம் எப்போது மூடியிருக்கிறது என்று இணையத்தில் அறிவிக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை பழுதுபார்ப்புக் காலம். 2025-இன் வறண்ட கோடையில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பல லாக்குகளை நீரின்றி மூடினார்கள். நீண்ட சமமட்டப் பாதைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு, நான் அவற்றை விரும்ப அதுவும் ஒரு காரணம்.

அடுத்த மே மாதம் தங்கை குடும்பம் வருகிறது. மொத்தம் ஏழு பேர், அம்மாவையும் சேர்த்து. தங்கையின் மகன் பொன்ட்கசல்த்தேயின் படத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் போக வேண்டும் என்கிறான். அம்மாவுக்குப் படகின் முன்தளத்தில் இறங்கும் படி உயரமாக இருக்கக் கூடாது, நடுவில் இறங்கிக்கொள்ள ரயில் வேண்டும். பிராட்ஃபோர்டையே பதிவு செய்திருக்கிறேன். டண்டாஸில் படகைத் திருப்பும்போது சுக்கானை அந்தப் பையனிடம் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.